பத்தாவது பிளக்

மூன்று மாதமாகத் தரையில் முட்டுக்கொடுத்து நிற்கும் படகின் எஞ்சினிலிருந்து தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டியது. தயாளன் டார்ச்சைத் திருப்பினான். இடது எஞ்சினின் பின்பக்கம், படகின் சுவரை ஒட்டி, கை லேசில் நுழையாத அந்த இடத்திலிருந்துதான். வேறெங்கிருந்து வரும்!

பாலிக் புலாவ் படகுத் தளத்தில் மதியம் இரண்டு மணி. மேல்தளத்துக்குக் கீழே டீசல் நாற்றமும் சேற்று வாடையும் அவன் வியர்வையும் சேர்ந்து, மூச்சை இழுத்தால் நாக்கில் ஒட்டியது. இரண்டு பழைய எஞ்சின்களுக்கும் ஃப்ரீஸ் பிளக் மாற்ற வேண்டும். எஞ்சினுக்குள் கடல் தண்ணீர் ஓடும் பாதையை அடைக்கிற பித்தளை மூடிகள் அவை. ஓரத்தில் தட்டினால் குறுக்கே திரும்பும், குறடால் இழுத்துவிடலாம். ஒன்பதைக் கழற்றி மேலே வைத்தாயிற்று. பத்தாவதில் பிளக்கே கிடையாது. பெயிண்ட் அடித்த பசைதான். அவன் வைத்த பசை.

படகு கடைசியாகக் கடலுக்குப் போவதற்கு முந்தின நாள், அதை மாற்ற எஞ்சினையே தூக்கியிருக்க வேண்டும். தங்கை புருஷன் தனேஷ் தலைமாட்டில் நின்று நச்சரித்தான். "என்ன மச்சான், இன்னுமா? நாளைக்கு கடலுக்குப் போவணும் லா!" தயாளனுக்கு எரிச்சல். உடம்பும் வணங்கவில்லை. ஓட்டையில் பசையை அப்பிவிட்டு, புதுசு போட்டாச்சு என்றான். கடலில் பசை ஓரமாகப் பெயர்ந்து, படகுக்குள் தண்ணீர் ஏறியது. முங்கிய படகைத் தூக்கியபோது தனேஷ் எஞ்சின் அறைக்குள்ளேயே, இடது எஞ்சினின் பின்பக்கம் கையை நீட்டியபடி கிடந்தான். விபத்து என்றார்கள். சாவு வீட்டில் எல்லாரையும்விட அதிகம் அழுதவன் தயாளன்தான், வெட்கங்கெட்டவன்.

படகை வாங்குகிறவர் நாளைக்கு செபராங் ஜெயாவிலிருந்து தன் மெக்கானிக்கோடு வருகிறார். அதற்குள் மிச்சப் பசை போயாக வேண்டும். தங்கை அனுஜாவுக்குத் தெரிந்தால் தொலைந்தான். அவளோ மேலே, எஞ்சின் அறைக்கு இறங்கும் திறப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"அண்ணே, குடிக்க ஏதாச்சும் தரட்டா?"

"வேணாம்மா."

எஞ்சினுக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்தான். பசையில் உளியை வைத்துத் தட்டினான். டொக்.

உள்ளேயிருந்தும் டொக்.

சூட்டில் இரும்பு விரிகிறது, வேறென்ன. இரண்டு தரம் தட்டினான். உள்ளேயும் இரண்டு.

பசை தானாகப் பிதுங்கியது. அவன் தொடவில்லை. தெறித்துப் போய்த் திறப்பின் ஏணிப்படியில் விழுந்தது. பின்னாலேயே தண்ணீர் பீய்ச்சியது. சில்லென்ற கடல் தண்ணீர். முழங்கால் வரை. இடுப்பு வரை. பின்வாங்கினான், தோள் சிக்கிக்கொண்டது.

"அனுஜா! தண்ணி!"

அவள் எட்டிப் பார்த்தாள். "எங்கண்ணே தண்ணி? காஞ்சுல்ல கெடக்கு." கை நீட்டிப் படியில் கிடந்த பசைக் கட்டியை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒம்பது பித்தளை எடுத்தீங்க. பத்தாவது இதா?"

தோளை உருவப் பார்த்தான், வரவில்லை.

"புதுசுன்னு சொன்னீங்களே அவருகிட்ட. நம்பித்தானே போனாரு."

"அனுஜா... கைய குடும்மா..."

அவள் கை கொடுக்கவில்லை. அழவுமில்லை. திறப்பின் பலகையை இழுத்து மூடினாள். தாழ் விழுந்தது.

இருட்டு. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. தடவித் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து உள்ளங்கையால் அடைத்தான். விரலிடுக்கில் கசிந்தது.

அவன் புறங்கையின்மேல் இன்னொரு கை வந்து படிந்தது. ஊறிய கை. தோல் நழுவியது. அவன் கையோடு சேர்த்து ஓட்டையை இறுக்கி அழுத்தியது.

தண்ணீர் மோவாயைத் தொட்டது. கையை இழுத்தான்.

விடவில்லை.