இடது பக்கம் மினுக்கிய விளக்கு

"எம் புருசனுக்கு லைசென்சு குடுத்தது நீதானே சார்? அப்போ அதுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுன்னு நீயே எழுதிக் குடு. கோர்ட்டுல குடுத்துட்டுப் போறேன்!"

மயிலாப்பூரில் பஞ்சாட்சரத்தின் வாசலில் நின்று அந்தப் பெண் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்துகொண்டன. மோட்டார் வாகன ஆய்வாளராக இருபத்தெட்டு வருஷம் இருந்து, 1972-ல் ஓய்வு பெற்றவர் பஞ்சாட்சரம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "உட்கார்ந்து சொல்லும்மா" என்றார். அவர் மனைவி பங்கஜம் அதற்குள் நோட்டும் பென்சிலுமாக வந்துவிட்டாள். கணவரிடம் வரும் விபத்து வழக்குகளில் ஒன்றிலாவது அவருக்கு முன்னால் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

வந்தவள் தேசம்மா. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவள். அவள் கணவன் மாசிலாமணி, தியாகராய நகர் ஜவுளிக்கடை முதலாளி சண்முகசுந்தரத்தின் டிரைவர். சென்ற வெள்ளிக்கிழமை கொட்டும் மழையில், அடையாறில் முதலாளியின் பழைய ஃபியட்டை வலதுபுறம் திருப்பினான். பின்னால் வந்த ஸ்கூட்டர் வலது கதவில் மோதியது. ஸ்கூட்டரில் வந்த தபால் ஆபீஸ் குமாஸ்தா பொன்னுரங்கத்துக்குக் கால் எலும்பு முறிந்தது. மாசிலாமணி சைதாப்பேட்டை சப் ஜெயிலில் இருந்தான்.

"மழைக்குக் கண்ணாடி ஏத்தியிருந்திச்சி, கை காட்ட முடியல. ரைட்டு சிக்னல் போட்டேன்னு அது மாதா மேல சத்தியம் பண்ணுது. மொதலாளி இன்னா சொல்றாரு தெரியுமா? தப்பா லெஃப்டு போட்டேன்னு ஒத்துக்கினு கையெழுத்துப் போட்டாத்தான் ஜாமீன் எடுப்பாராம்!"

"காரில் முன்பே ஏதாவது கோளாறு உண்டா?"

"பிரேக்கு மிதிச்சா பின்னால ரைட்டு சிக்னல் மங்கிப் போவுதுன்னு மூணு தபா சொல்லிச்சி. மெக்கானிக் எதுக்கு, எனக்குத் தெரியாதான்னு வெள்ளிக்கெழம காலைல மொதலாளியே டிக்கியத் தொறந்து இன்னாவோ பண்ணாரு."

விபத்தன்று காரை முதலாளியிடமே விட்டிருந்தது போலீஸ். திங்கட்கிழமை சோதித்தபோது எல்லா சிக்னலும் சரியான பக்கமே எரிந்தன. அதனால் தவறு டிரைவருடையது என்று எழுதிவிட்டார்கள்.

பஞ்சாட்சரம் பார்க்கப் போனபோது, பொன்னுரங்கம் மாவுக்கட்டுக் காலோடு கட்டிலில் கிடந்து கொதித்தார். "என்னைக் குடிகாரன்னு அந்த முதலாளி ஸ்டேஷன்ல சொல்லியிருக்கான் சார்! இடது விளக்கு மினுக்கினதை இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன். அவன் இடது பக்கம் போறான்னு நெனச்சுத்தான் வலது பக்கமா முந்தினேன்."

விபத்து நடந்த முனையில் தார்ப்பாயின் கீழ் நின்றிருந்த இளநீர்க்காரர் பக்கிரியோ, "கார் என் எதிர்லதான் வந்துச்சி நைனா. ரைட்டு வெளக்குதான் மினுக்கினு இருந்திச்சி" என்றார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றார்" என்றாள் பங்கஜம். "இளநீர்க்காரர்தான். தேசம்மாவுக்கு வேண்டியவரா இருக்கும்."

"அவளை அவர் பார்த்ததே இல்லை. பொன்னுரங்கம் முந்தியதும் தற்கொலை செய்துகொள்ள அல்ல. ஒருவர் காரை முன்னாலிருந்து பார்த்தார், மற்றவர் பின்னாலிருந்து பார்த்தார். அதை எழுதிக்கொள்."

ஞாயிற்றுக்கிழமை காலை, சண்முகசுந்தரத்தின் கார் கொட்டகையில் எல்லோரையும் கூட்டினார் பஞ்சாட்சரம். தேசம்மா வந்தாள். பொன்னுரங்கம் டாக்சியில் வந்து ஊன்றுகோலில் நின்றார். சப் இன்ஸ்பெக்டர் வேண்டாவெறுப்பாகக் காரின் பின்னால் நின்றார். தன் காரை வேறு யாரும் தொடக் கூடாது என்று சண்முகசுந்தரமே டிரைவர் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

பஞ்சாட்சரம் டிக்கிக்குள் டார்ச் அடித்தார். தூசி படிந்த வயர்களுக்கு நடுவே இரண்டு மட்டும் துடைத்தாற்போல் இருந்தன. அவற்றைச் சுற்றிய டேப்புக்கு அடியில், ஏற்கெனவே ஒட்டிப் பிரித்த வேறொரு டேப்பின் பசை.

"பிரேக்கை மிதித்துக்கொண்டு வலது சிக்னல் போடுங்கள்" என்றார். பின் விளக்கு மங்கியது. "பழைய கோளாறு அப்படியே இருக்கிறது. இது எர்த் கோளாறு. விளக்கின் அடியில் ஒரு திருகாணியை இறுக்கினால் போதும். அது தெரியாமல் எவனோ கத்துக்குட்டி வயரைப் பிடுங்கியிருக்கிறான்."

"யாரு வே கத்துக்குட்டி?" முதலாளியின் முகம் சிவந்தது. "இருவது வருசமா கார் வச்சிருக்கேன்."

"பிரேக்கை விட்டுவிட்டு மறுபடி வலது போடுங்கள்." விளக்கு மினுக்கியது. பஞ்சாட்சரம் உரக்கச் சொன்னார்: "பாருங்கள், வலது போட்டால் இடது எரிகிறது!"

சப் இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பஞ்சாட்சரம் கையமர்த்தினார்.

சண்முகசுந்தரம் கதவை உதைத்துத் திறந்துகொண்டு இறங்கினார். "எப்படி வே எரியும்? சனிக்கிழமையே நான்தான் ரெண்டு வயரையும் திருப்பி மாத்திப் போட்டுட்டேனே!"

சப் இன்ஸ்பெக்டர் பின் விளக்கைச் சுட்டிக் காட்டினார். பின்னால் மினுக்கிக்கொண்டிருந்தது வலது விளக்குதான்.

"வெள்ளிக்கிழமை காலை வயர்களை இடம் மாற்றிச் சொருகினீர்கள்" என்றார் பஞ்சாட்சரம். "மாசிலாமணி வலது போட்டான். முன்னால் வலது எரிந்தது, பக்கிரி பார்த்தார். பின்னால் இடது எரிந்தது, இவர் பார்த்தார். இருவரும் சொன்னது நிஜம். விபத்தைக் கேட்டதும் உங்களுக்குப் புரிந்துவிட்டது. மறுநாளே திருப்பிச் சொருகினீர்கள். டேப்பை இரண்டு தடவை ஒட்டியிருப்பது அதனால்தான்." அவர் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "கைதவறியது தப்பில்லை. தெரிந்தே ஒருவனை உள்ளே வைத்து, அவன் கையெழுத்தையும் கேட்டீர்களே!"

"அவன் குடும்பத்தை நான் பார்த்துக்க மாட்டேனா?" என்று முனகினார் முதலாளி.

"த்தூ!" என்றாள் தேசம்மா. "என் குடும்பத்தப் பாக்க நீ யாரு?"

பங்கஜம் அவள் கையைப் பிடிக்காவிட்டால் அறை விழுந்திருக்கும். "விட்டிருக்கணும்" என்று பிறகு பங்கஜமே சொல்லிக்கொண்டாள்.

சப் இன்ஸ்பெக்டர் சண்முகசுந்தரத்தை ஜீப்பில் ஏற்றினார். மறுநாள் சைதாப்பேட்டை கோர்ட்டில் மாசிலாமணியின் ஜாமீனுக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. முதல் கையெழுத்து பஞ்சாட்சரத்துடையது. இரண்டாவதைப் போட்டவர் பொன்னுரங்கம். அடிபட்டவரே வந்து நிற்பதை மாஜிஸ்ட்ரேட் வியப்போடு பார்த்தார். "குடிகாரன் கையெழுத்து செல்லுமான்னு கேட்டுக்குங்க" என்றார் பொன்னுரங்கம், கோபம் ஆறாமலே.

வெளியே வந்த மாசிலாமணியைப் பார்த்துத் தேசம்மா அழவில்லை. "வெளக்கு சரியில்லன்னு தெரிஞ்சும் நாலாவது தபா எதுக்குய்யா வண்டிய எடுத்த? வாய்ல இன்னா கொழுக்கட்டையா?" என்று ஆரம்பித்தவள், பஸ் ஏறும்வரை நிறுத்தவில்லை. பத்து நாளாக ஜெயில் கம்பி வழியாக மட்டுமே கேட்ட குரல். மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டே நடந்தான்.