நான்காவது வில்லை

எழுத்தர் சுவான் காலைக் கஞ்சியைப் பாதிகூடக் குடித்திருக்கவில்லை. வாசலில் அவருடைய தேரோட்டி பான் யாரையோ தடுத்துக்கொண்டிருந்தான். தடுக்கப்பட்டவள் அவனை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். கையில் ஒரு துணிமூட்டை இருந்தது.

"ஐயா, என் படையல் கிண்ணம் ஒழுகுது" என்றாள்.

பாத்திரம் ஒழுகினால் வெய் ஆற்றங்கரையில் யாரும் எழுத்தரிடம் வரமாட்டார்கள். வார்ப்புக்காரரிடம்தான் போவார்கள். ஆனால் வந்தவளைச் சுவானுக்குத் தெரியும். துவான் மாளிகைக்கு மூன்று மாதம் முன்பு மணமகளாக வந்த ஷூயுன். நாட்டுப் பிரபுவின் முன்னால் நடக்கும் வழக்குகளை எழுதி வைப்பது சுவானின் வேலை. எழுதி எழுதியே, யார் பேச்சு எந்த இடத்தில் இடிக்கிறது என்று கண்டுபிடிக்கும் பழக்கம் அவருக்கு வந்திருந்தது. அதை நம்பித்தான் அவள் வந்திருக்கிறாள்.

"உக்காரும்மா. எப்ப ஒழுகிச்சு?"

"இன்னைக்கு விடியக்காலையில. நாளைக்கு என்னை முன்னோர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும். அங்க என்னை ஏத்துக்கிட்டா, அப்பா அனுப்பின நாலு குதிரையும் நான் இல்லாம ஊருக்குத் திரும்பும். ஏத்துக்கலைன்னா அதே குதிரைங்க இழுக்கிற வண்டியில நானும் திரும்பணும்." அவள் குரல் தடுமாறவில்லை. "கிண்ணம் தண்ணி தாங்கலைன்னா முன்னோர் என்னை வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு அர்த்தமாம். அத்தை சொல்லியனுப்பினாங்க."

"திரும்பிப் போறதுல உனக்கு இஷ்டமா?"

"இல்லை" என்றாள் உடனே. பிறகு முகம் சிவக்க, "சடங்குக்கு விரதம் இருக்க விரத அறைக்குப் போறப்ப அவரு திரும்பிப் பார்த்து, 'மூணே நாள்தான்'னு சொன்னாரு. வெளிய வர்றப்ப நான் அங்க நிக்கணும் ஐயா. நிப்பேன்."

கதவருகே நின்ற பான் தொண்டையைச் செருமிக்கொண்டான். ஏழு பிள்ளைகளுக்குத் தகப்பன் என்றாலும் காதல் கதை என்றால் அவனுக்கு உயிர்.

"இந்த மூட்டையை யார் கட்டினது?" என்று சுவான் கேட்டார்.

"சமையல்கட்டு கொங். தண்ணி சொட்டின உடனே பயந்துபோய்ப் புரட்டிக்கூடப் பார்க்காம மூடிக் கட்டிட்டாரு. நானும் அவிழ்க்கலை. இந்த முடிச்சு அவர் போட்டதுதான்."

சுவான் கைகளைக் கழுவிவிட்டு முடிச்சை அவிழ்த்தார். புது வெண்கலம் பொன்னிறத்தில் மின்னியது. கிண்ணத்தின் இரண்டு பக்கமும் ஒரு விலங்கு முகம்: உருண்டு பிதுங்கிய கண்கள், சுருண்ட கொம்புகள், கீழ்த்தாடை இல்லாத வாய். முகத்தைச் சுற்றி நூலிழை போன்ற சுருள்கோடுகள் ஓடின. உள்ளே, அடிப்பகுதியின் ஒரு பாதியில் மூன்று வரி எழுத்து: 'தந்தை தன் மகள் ஷூயுனுக்காக வார்த்தது. பத்தாயிரம் ஆண்டு பயன்படுத்துக.' தினைச்சோறு நிரம்பினால் எழுத்து மறைந்துவிடும். அது உயிரோடு இருப்பவர்கள் படிப்பதற்கு அல்ல. சோற்றின் ஆவியை உண்ண வரும் முன்னோர், இந்தப் பெண் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துகொள்வதற்கு.

எழுத்துக்கு எதிர்ப்பாதியில், விளிம்போரமாகக் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சதுர ஓட்டை.

"என்னங்கய்யா, அளந்து வெட்டின மாதிரி இருக்கு?" என்று பான் குனிந்தான்.

"வெட்டலை. கழண்டிருக்கு. வார்க்கிறப்ப வெளிய ஒரு களிமண் அச்சு, உள்ள ஒரு களிமண் அச்சு இருக்கும். நடுவுல இருக்கிற சந்துலதான் உலோகத்தை ஊத்துவாங்க. உள்ளச்சு கீழ இறங்கிடாம இருக்கச் சின்னச் சின்ன வெண்கல வில்லைங்களை இடையில வைப்பாங்க. ஊத்தின உலோகம் அதையும் சேர்த்துப் பிடிச்சுக்கும்." சுவான் கிண்ணத்தைக் கவிழ்த்தார். மெருகேற்றாத அடிப்புறத்தில் மூன்று சதுரங்கள் நிறம் மாறித் தெரிந்தன. நான்காவது இருந்த இடத்தில் வெளிச்சம் வந்தது. அவர் மூன்றையும் நகத்தால் அழுத்திப் பார்த்தார். இரண்டு அசையவில்லை. எழுத்துக்குப் பின்னால் இருந்த ஒன்று மட்டும் ஆடும் பல்லைப்போல் லேசாக அசைந்தது. ஓட்டையின் ஓரத்தில் உளி பட்ட தடங்கள் ஐந்தாறு இருந்தன.

"அடிப்பக்கத்துல இருந்து தட்டியிருக்காங்க. கவிழ்த்து வச்சுத்தான் தட்டியிருக்கணும்" என்றவர் வாய்விளிம்பில் விரலை ஓட்டினார். ஒரு கீறல் இல்லை. விலங்கின் ஒரு கொம்பில் மட்டும் சிவப்பு நூல் ஒன்று மாட்டியிருந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பட்டு.

"கடைசியா எப்ப இது ஒழுகாம இருந்துச்சு?"

"மூணு நாள் முன்னாடி, விரதம் தொடங்குறதுக்கு முன்ன. எல்லார் எதிர்லயும் தண்ணி ஊத்திப் பார்த்தாங்க. சொட்டுக்கூட விழலை. அப்புறம் என் அறையிலதான் இருந்துச்சு."

ஷூயுன் பின்னால் நடந்து வந்தாள். துவான் மாளிகைக்குப் போகும் வழியெல்லாம் பான் தேரோடு வாயையும் ஓட்டினான். "கொங்தான் ஐயா. எழுதி வச்சுக்கங்க. அந்தப் பொண்ணு வந்த மறுநாளே, அவன் ஊறவச்ச கீரை புளிக்கலைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுச்சாம். அதுலேர்ந்து முறைச்சுக்கிட்டுத் திரியறான்."

"கீரைக்காகவா குலதெய்வத்துப் பாத்திரத்தை உடைப்பான்?"

"நீங்க சமையல்காரங்களோட பழகினதில்லை."

மாளிகையின் சமையல்கட்டில் மூன்று பேர் இருந்தார்கள். மாமியாரும் மணமகன் பெங்கும் மூன்று நாளாக விரத அறையை விட்டு வரவில்லை. வாசலில் இரண்டு காவலர்கள் மாறி மாறி நின்றார்கள். இன்னும் இந்த வீட்டுப் பெண்ணாக ஆகாததால் ஷூயுனுக்கு அந்த அறையில் இடமில்லை.

கொங் தன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். "கழுவுறதுக்குத் தண்ணி ஊத்தினேங்க. பாதத்துல சில்லுனு சொட்டுச்சு. செத்துப்போன பெரியவரே வாயைத் திறந்து 'வேண்டாம்டா'ன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

குதிரைகளோடு வந்த தௌ சுவரில் சாய்ந்திருந்தான். "பெரியவங்க கோபத்துக்கு நாம என்ன செய்யறது? எனக்கென்ன, நாளை மறுநாள் வண்டி பூட்டணும். ஆளோட பூட்டணுமா, ஆளில்லாமலான்னு சொல்லிட்டா சரி."

மூன்றாவதாக இருந்தவள் ரோங். ஷூயுனின் சித்தப்பா மகள். வயது பதினெட்டு. அக்காவுக்குத் துணையாக வந்தவள், கோயில் சடங்கு முடிந்ததும் அக்காவுக்கு அடுத்தபடியாகப் பெங்குக்கு இரண்டாம் மனைவி ஆகவேண்டியவள். அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"கோபமெல்லாம் இல்லைங்க" என்றாள் அவசரமாக. "வார்ப்புல ஒரு வில்லை கழண்டு விழுந்திருக்கும். அக்கா மேல யாரும் எந்தக் குறையும் சொல்ல முடியாது. வார்த்தவங்க தப்பு."

சுவான் தலையசைத்தார். "எல்லாரும் விரத அறை முற்றத்துக்கு வாங்க. உள்ள இருக்கிறவங்களும் கேக்கட்டும்."

நடந்து வந்த ஷூயுனும் அதற்குள் முற்றத்துக்கு வந்து சேர்ந்தாள். விரத அறையின் வாசலில் நாணல் திரை தொங்கியது. அதற்குப் பின்னால் வெண்ணிற உருவங்கள் இரண்டு தெரிந்தன.

"எழுத்தரே, சீக்கிரம் சொல்லுங்க" என்றது மாமியாரின் குரல். "விரதத்துல இருக்கிறவ அதிகம் பேசக்கூடாது. பேச வச்சுட்டாங்க."

"நீங்க பேசவேண்டாம் அம்மா, கேட்டா போதும். மூணு நாள் முன்னாடி கிண்ணம் நல்லா இருந்துச்சு. இன்னைக்கு ஓட்டை. நடுவுல நீங்களும் உங்க மகனும் இந்தத் திரையைத் தாண்டலை. அதனால உங்களை விட்டுடலாம்."

"ரொம்ப சந்தோஷம்."

"உடைச்சவரு ஒரு வில்லையைத் தட்டி எடுத்திருக்காரு. நாலு வில்லையில ஒண்ணு ஏற்கனவே ஆடுது. ஒரே தட்டுல விழுந்திருக்கும். ஆனா அதை விட்டுட்டு, இறுகிக் கிடந்த வேற ஒண்ணோட மல்லுக்கட்டியிருக்காரு. அஞ்சாறு அடி. ஏன்?"

சுவான் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார்.

"ஆடுற வில்லை எழுத்துக்குப் பின்னால இருக்கு. அதைத் தட்டினா 'ஷூயுன்'ங்கிற பேரு பிஞ்சிருக்கும். தட்டினது எழுத்துலேர்ந்து ரொம்ப தூரத்துல இருக்கிறது. கவிழ்த்துப் போட்டா எழுத்து எந்தப் பக்கம்னு தெரியாது. ஆக, உடைச்சவருக்கு அந்தக் கிண்ணம் மனப்பாடம். வாய்விளிம்புல கீறலே இல்லை. மெத்துனு எதையோ விரிச்சு, அதுமேல கவிழ்த்திருக்காங்க. கொம்புல மாட்டியிருந்த இழை சொல்லுது, விரிச்சது சிவப்புப் பட்டு." சுவான் ஷூயுன் பக்கம் திரும்பினார். "நீ யாரோ எதிரின்னு நினைச்சு என்கிட்ட வந்தே. எதிரியா இருந்தா விலங்கோட மூஞ்சியைத்தான் முதல்ல நசுக்கியிருப்பான். இதை உடைச்சவங்களுக்கு உன்மேல கொள்ளைப் பிரியம்."

திரைக்குப் பின்னால் மணமகன் பெங் சட்டென்று எழுந்து நிற்பது தெரிந்தது.

"கொங்கும் தௌவும் பட்டு உடுத்துறவங்க இல்லை" என்று தொடர்ந்தார். "கல்யாணச் சிவப்புப் பட்டு இங்க ரெண்டு பேர்கிட்ட இருக்கு. ஒண்ணு ஷூயுன். ஊருக்குப் போகணும்னு அவளே உடைச்சிருந்தா, என் வீட்டுக்கு ஓடி வந்திருக்க மாட்டா. பேசாம இருந்தாலே போயிருக்கலாம். இன்னொண்ணு..." குரலைத் தணித்துக்கொண்டார். "கொங்குக்கும் தௌவுக்கும் முன்னோர் கோபம்தான் தோணுச்சு. இந்த வீட்டுல யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. கிண்ணத்தோட அடியை எனக்கு முன்னாடி யாரும் பார்க்கலை. ஒருத்தி மட்டும் வில்லை கழண்டுச்சுன்னு சொன்னா. அக்கா தலையில பழி விழக்கூடாதேன்னு பதறிச் சொன்னா."

ரோங் அப்படியே முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள். இடுப்புக்கச்சையை அவிழ்த்து, அதற்குள் தைத்து வைத்திருந்த சதுர வில்லையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"வார்க்கிறப்ப நாங்க ரெண்டு பேரும்தான் பக்கத்துல நின்னு பார்த்தோம்" என்றாள். "வார்ப்பு சரியில்லைன்னு சொல்லி எல்லாரையும் அனுப்பிடுவாங்கன்னு நினைச்சேன். முன்னோர் வேண்டாம்னு சொன்னதா ஆகும்னு சத்தியமா எனக்குத் தோணலை அக்கா."

"ஏன்டி?" ஷூயுன் அவளெதிரே மண்டியிட்டாள். "யாருடி அது? நம்ம ஊர் ஆத்தங்கரை வில்காரனா?"

ரோங் முகத்தை மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கழுதை!"

"சொன்னா நீ பெரியப்பாகிட்ட கேப்பே. அவரு மாட்டேன்னுடுவாரு. நாளைக்கு விடிஞ்சா இந்த வீட்டோட சேர்த்துக் கட்டிடுவாங்க. எனக்கு வேற வழி தெரியலை."

ஷூயுன் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. நேராகத் திரைமுன் போய் நின்றாள்.

"அத்தை, முன்னோர் என்னை மறுக்கலை. என் தங்கைதான் ஊருக்குப் போக ஆசைப்பட்டா. சாயங்காலத்துக்குள்ள வார்ப்புக்காரரை வச்சு ஓட்டையை அடைச்சுடறேன். நாளைக்கு நான் கோயிலுக்கு வருவேன்."

"ஒட்டுப் போட்ட கிண்ணத்துல என் மாமனாருக்குச் சோறா?"

சுவான் மெதுவாக இருமினார். "உங்க கோயில்ல இருக்கிற பெரிய முக்காலிப் பானையோட பின்கால்கூட ரெண்டாவது தடவை வார்த்து ஒட்டினதுதான் அம்மா. மூணு தலைமுறையா அதுலதான் கறி வைக்கிறீங்க."

மாமியாரின் உருவம் திரையருகே நகர்ந்து வந்தது.

"அது எப்படி உமக்குத் தெரியும்?"

"எழுத்துப் பார்க்க வந்தப்ப குனிஞ்சு பார்த்தேன்."

"குனியாம இருக்கவே மாட்டீரா நீர்?" என்றாள் மாமியார். குரலில் இருந்த விறைப்பு சற்றுத் தளர்ந்திருந்தது. "அந்தச் சின்னவளை அனுப்பிடுங்க. விருப்பமில்லாத பொண்ணு கையால வைக்கிற சோறு எங்க பெரியவங்களுக்கு வேண்டாம்."

"அம்மா..." என்று பெங் தொடங்கினான். "மூத்தவளை நான்..."

"உன்னை யாரும் கேக்கலை. விரதத்துல பேசாதே."

பான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஷூயுன் தரையில் கிடந்த வில்லையை எடுத்துக்கொண்டு வார்ப்புக்காரர் தெருவுக்குக் கிளம்பினாள். தேரில் கொண்டுவிடுவதாகப் பான் கெஞ்சியும் கேட்காமல் அவள் நடந்தே போனாள். மாலைவரை உலையருகிலேயே உட்கார்ந்திருந்து, உருகிய வெண்கலம் ஓட்டையில் இறங்கி இறுகுவதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்பினாள்.

மறுநாள் விடிந்ததும் முன்னோர் கோயிலின் கதவுகள் திறந்தன. வெளித்தாழ்வாரத்தில் நின்ற சுவானுக்கும் பானுக்கும் உள்ளே பாதிதான் தெரிந்தது. பாய்மேல் கிண்ணத்தை வைத்தாள் ஷூயுன். ஆவி பறக்கும் தினைச்சோற்றைக் கரண்டி கரண்டியாக இட்டு, மேலே சூடான குழம்பை ஊற்றினாள். எல்லார் கண்ணும் பாயின்மேல் இருந்தது. சடங்குக்காரர் நீண்ட வேண்டுதலைச் சொல்லி முடித்தார்.

மாமியார் குனிந்து, கிண்ணத்தின் அடியில் கையை விட்டுத் தடவினாள். விரல்களை முகத்தருகே கொண்டுவந்து பார்த்தாள். ஈரமில்லை.

மூன்று மாதமாக எது வேண்டுமென்றாலும் கொங்கிடமோ மகனிடமோ சொல்லி அனுப்பி வந்தவள், முதன்முறையாக ஷூயுனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"என்ன நின்னுக்கிட்டே இருக்கே? பெரியவங்க பசியோட இருக்காங்க. கறிப்பானையை எடுத்துட்டு வா."