கண் இமைக்காத ஆள்

சாயங்காலம் ஆறரை. ட்யூஷன் டீச்சர் மாடிப்படிக்குக் கீழ கிடந்தாங்க. கழுத்து ஒரு பக்கமா மடங்கியிருந்துச்சு. கண்ணு மட்டும் மாடியையே பாத்துட்டு இருந்துச்சு.

மறுநாள் இங்கிலீஷ் பரீட்சை. கடிதம், நோட்டீஸ், ரிப்போர்ட், வர்ணனைன்னு ஒவ்வொரு வகையா திருப்பிப் பாக்க வந்தது ரெண்டே பிள்ளைங்க. கண்ணாடி போட்ட பையன் சோடாபுட்டி. ஒரு இடத்துல உக்காராத பொண்ணு வாலு. அலறல் கேட்டு தெருமுனையிலருந்து ஓடி வந்த ஏட்டய்யா, ரெண்டு பேரையும் யார்கிட்டயும் பேசவிடாம ஜீப்ல ஏத்திட்டாரு. ஸ்டேஷன்ல தனித்தனியா உக்கார வச்சு அதட்டினாரு.

"ஆளு எப்படி இருந்தான்?"

"உயரமான ஆளு," சோடாபுட்டி சொன்னான். "சாம்பல் கலர் சட்டை. இடது கையிலருந்து தண்ணி சொட்டுச்சு. கண்ணு இமைக்கவே இல்ல."

அடுத்த ரூம்ல வாலும் அதையே சொன்னா. அதே வரிசை, அதே ஒப்பிக்கிற குரல். ஏட்டய்யா உடனே அந்த ஆளைத் தேட ஜீப்பை அனுப்பினாரு.

ஏழு மணிக்கு அந்தத் தெருவுல தண்ணி கேன் போடுறவரைத் தூக்கிட்டு வந்தாங்க. உயரம். சாம்பல் யூனிஃபார்ம். சட்டையெல்லாம் ஈரம்.

"அந்த வீட்டு வாசலைக் கூட மிதிக்கலம்மா. என் பொண்டாட்டி பிள்ளை நடுத்தெருவுக்கு வந்துரும்மா!"

இன்ஸ்பெக்டர் அம்மா அவர் சட்டையைத் தொட்டுப் பாத்தாங்க. கேன் தூக்கற வலது தோள், வலது கைதான் ஈரம். இடது பக்கம் காஞ்சு கிடந்துச்சு.

ஏழரைக்கு டீச்சரோட தம்பி ஓடி வந்தான். "இப்பதான் மேடம் பஸ்ஸ விட்டு இறங்கினேன். வீட்டு வாசல்ல ஒரே கூட்டம். வர்ற வழியில ஒருத்தனைப் பாத்தேன். உயரமா, சாம்பல் சட்டை. இடது கையிலருந்து தண்ணி சொட்டுச்சு. கண்ணே இமைக்கல."

"மூணு சாட்சி! இனி என்னம்மா வேணும்?"ன்னாரு ஏட்டய்யா. கேன்காரர் அப்படியே தரையில உக்காந்துட்டாரு.

இன்ஸ்பெக்டர் அம்மா வாலை அங்க கூட்டிட்டு வரச் சொன்னாங்க. வாலு பக்கத்துல போய் உக்காந்தாங்க.

"பாப்பா, அந்தாளை எங்க பாத்தே?"

"பாக்கல ஆன்ட்டி."

"அப்புறம்?"

"வர்ணனைன்னா உயரம், சட்டை, கை, கண்ணுன்னு வரிசையா வரணும்னு டீச்சர் இன்னிக்குத்தான் ஒரு ஆளை உண்டாக்கிச் சொன்னாங்க. முதல்ல நம்ம பேச்சுல சத்தமா சொல்லணும், அப்புறம் இங்கிலீஷ்ல எழுதணும். எழுதறதுக்குள்ள..." வாலு மூக்கை உறிஞ்சினா. "ஏட்டு மாமா எப்படி இருந்தான்னு கத்தினாரு. வாயில அதுதான் வந்துச்சு."

அந்தம்மா தம்பி பக்கம் திரும்பினாங்க.

"அப்படி ஒரு ஆளே கிடையாதுப்பா. உங்க அக்கா கீழ ட்யூஷன் ரூம்ல உண்டாக்கின ஆளு. பிள்ளைங்க வெளிய யார்கிட்டயும் சொல்லல, நாங்களும் உங்கிட்ட சொல்லல. இந்தக் கேன்காரரைப் பாத்துச் சொல்லியிருந்தா வலது கைன்னு சொல்லியிருப்பே. நீ கேட்டது மாடியிலருந்து. கீழ பிள்ளைங்க நெஜமாவே எவனையோ பாத்துட்டுப் பேசுதுங்கன்னு நெனச்சுட்டே."

தம்பி சுவத்தையே பாத்தான். "பின்பக்கச் சுவரேறி, மாடி பீரோவுல நகை எடுக்கத்தான் போனேன். அக்கா மேல வரும்னு நெனைக்கல. தள்ளணும்னு தள்ளல மேடம்..."

கேன்காரர் செருப்பைக் கூட மறந்துட்டு வெளிய ஓடினாரு.

"பாப்பா, டீச்சர் ஏன் மாடிக்குப் போனாங்க?"

"மேல யாரோ மெதுவா நடக்கிற சத்தம் கேட்டுச்சு. நான்தான் சொன்னேன். பாத்துட்டு வரேன்னு போனாங்க."

"இதை ஏன் ஏட்டு மாமாகிட்ட சொல்லல?"

வாலு கண்ணு இமைக்காம அவங்களைப் பாத்தா.

"டீச்சர் சொன்ன வரிசையில சத்தம் இல்லயே, ஆன்ட்டி."