பெயர் வரும் இடம்

பாட்டு நின்ற பிறகும் சுப்புராயனின் கை நிற்கவில்லை. காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிச் செல்போனில் பாட்டையும் நிறுத்திவிட்டாள் ஜெபீனா. பெரியவர் உள்ளங்கையால் தன் மார்பை மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தார். தொடையில் தாளம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறாள், மார்பில் போட்டுப் பார்த்ததில்லை. ஆனாலும் அவளுக்குச் சந்தோஷம்தான். முதியவர்களின் நினைவைப் பாட்டு கிளறுமா என்பதுதானே அவளுடைய எம்.எஸ்ஸி. ஆய்வு.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில் இருந்தது அந்த முதியோர் இல்லம். பின்னால் கல்வராயன் மலை. மழை இறங்கினால் பகலிலேயே கூடம் இருட்டிவிடும். ஃபினாயிலும் ஈரப் போர்வையும் கரும்பு டிராக்டர்கள் விட்டுப்போன புளித்த வாசனையும் கலந்து கிடக்கும் அந்தக் கூடத்தில், பிள்ளைகள் மறந்துபோனவர்களை வைத்து மறதியை ஆராயக் கல்லூரி அவளுக்கு அனுமதி கொடுத்திருந்தது. இதிலிருக்கும் கேலிக்கூத்து பேராசிரியருக்கு உறைக்கவில்லை.

அவளுக்கு உறைத்தது. சுவரோரக் கட்டிலில் இருந்தவர் அவளுடைய அத்தா. பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த காஜா மைதீன், சென்னையில் மகன் அப்சலோடு இருப்பதாகத்தான் உறவுக்காரர்கள் நம்பினார்கள். பொய்யைச் சொன்னது அண்ணன், தலையாட்டியது இவள். அத்தா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷத்துக்கு மேலாகிறது. "யாரும்மா நீ?" என்று கடைக்கு வந்தவளைக் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்பார். ஆய்வெல்லாம் ஊருக்கு. ஒரே ஒரு தடவை தன் பெயர் அவர் வாயில் வந்துவிட்டால் போதும், செய்த பாவம் தீர்ந்துவிடும் என்று நினைத்தாள்.

பழைய சினிமாப் பாட்டு எதுவும் பலிக்கவில்லை. பலித்தது பெரியம்மாளின் முனகல். வாதத்தில் பேச்சு போனவர் அவர். ஜன்னலோரம் உட்கார்ந்து, வாய்க்குள்ளேயே ஒரு ராகத்தை இழுப்பார். இழுத்து, இறங்கி, ஓரிடத்தில் சட்டென்று நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவார். உடம்பு ஆடும் விதத்தைப் பார்த்துத் தாலாட்டு என்று முடிவுகட்டினாள் ஜெபீனா. நடுவில் விடுவது மூச்சு வாங்கத்தான் என்று எடுத்துக்கொண்டாள்.

செல்போனில் பதிவுசெய்து மற்றவர்களுக்குப் போட்டாள். சொந்த ஊரையே மறந்த சுப்புராயன் கூடவே முனகி, அந்த இடைவெளியில் "வீரமுத்து" என்றார். மகன் பெயர். இரண்டு நாள் கழித்துத் தங்கமணியம்மாள் அதே இடத்தில் "தமிழரசா" என்று மகனைக் கூப்பிட்டு அழுதார். ஜெபீனாவும் கூடச் சேர்ந்து அழுதாள்.

இன்று அத்தாவின் முறை. ஹெட்போனை மாட்டி, பாட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தாள். கரண்ட் போயிற்று. தகரக் கூரையில் மழை. இல்லத்தில் வேலை பார்க்கும் தேவிப்ரியா டீத்தட்டோடு வந்தாள்.

"இன்னா மேடம், சுப்புராயன் ஐயாவுக்கு விஷயம் தெரிஞ்சிபோச்சா? மார்ல அடிச்சிக்கினே இருக்காரு?"

"என்ன விஷயம்?"

"புள்ள பேரச் சொன்னாரே, அன்னிக்கு ராத்திரியே அந்த வீரமுத்து பைக்குல அடிபட்டுப் போய்ட்டாருங்க. சொல்ல வேணாம்னுட்டாங்க ஆபீஸ்ல. தங்கமணிம்மா புள்ளைக்கு இன்னிக்குக் காலைல நெஞ்சுவலியாம். அவரும் போய்ட்டாரு."

ஜெபீனா துள்ளி எழுந்தாள். கை பட்டு ஒயர் பிடுங்கிக்கொண்டது. பெரியம்மாளின் குரல் செல்போனிலிருந்து கூடம் முழுக்கக் கேட்டது. தேவிப்ரியாவின் தட்டு தரையில் விழுந்தது.

"நிறுத்துங்க மேடம்! சாவு விழாத எடத்துல இதப் போடலாமா?"

"தாலாட்டுதானே?"

"ஒப்பாரிங்க! எழவு வூடுன்னா எங்க பக்கம் இந்தப் பெரியம்மாளத்தான் கூட்டிக்கினு போவாங்க. நடுவுல வுடுறாங்க பாருங்க, அங்க செத்தவங்க பேர வெச்சிப் பாடணும்."

நிறுத்தினாள். ராகம் நிற்கவில்லை.

பெரியம்மாளின் வாய் மூடியிருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராகம் கிட்டத்திலிருந்து வந்தது. மிகக் கிட்டத்திலிருந்து.

அத்தா முனகிக்கொண்டிருந்தார்.

சுப்புராயனின் கை மார்பில். தங்கமணியம்மாளின் கை மார்பில். கட்டில் கட்டிலாக, எல்லாக் கைகளும். ஒரே அடி.

"வேணாம் அத்தா," என்று அவர் முன்னால் நாற்காலியில் சரிந்தாள் ஜெபீனா. ஒரு வருஷமாக எதற்காகத் தவித்தாளோ அதையே வேண்டாமென்று கெஞ்சினாள். "மறந்துடுங்க. நான் யாரோ. உங்களுக்கு என்னைத் தெரியாது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணிலிருந்த மூட்டம் விலகியது. அடையாளம் தெரிந்தது. ராகம் இழுத்தது, இறங்கியது. இடைவெளி.

"ஜெபீனா."

எவ்வளவு பிரியமாகச் சொன்னார்.

அவள் எழப் பார்த்தாள். கால் வரவில்லை. கை வரவில்லை. அத்தா என்று கூப்பிட வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது.

"மேடம்?" என்றாள் தேவிப்ரியா. தோளைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வாசலை நோக்கி ஓடினாள்.

அத்தா தோளிலிருந்த துண்டை எடுத்து நீளவாக்கில் மடித்தார். அவளுடைய தாடைக்கு அடியில் கொடுத்து, வாயை மூடி, உச்சியில் முடிச்சுப் போட்டார். கடையில் பாத்திர மூட்டைக்குப் போடும் அதே இறுக்கமான முடிச்சு. பிறகு முனகிக்கொண்டே, இரண்டு விரல்களால் அவளுடைய இமைகளைக் கீழே இறக்கினார்.

மூடிய இமைக்குள் அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.