பாதிச் சொல்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குள் ஆள் அரவமே இருக்காது. லாரிகள் ஓரங்கட்டி நிற்கும், டீக்கடைகள் மூடியிருக்கும், கெமிக்கல் வாடை மட்டும் லீவு எடுக்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படி ஒரு மத்தியானத்தில்தான் நர்மதா தன் ஸ்பீக்கர் பெட்டிகளோடு அந்த மூடிக்கிடந்த பட்டறையில் வந்து இறங்கினாள்.

குட்டியானை வண்டியை ஓட்டிவந்தது தம்பி குணா. பெட்டிகள் சரியாமல் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வந்தது தானியேல். குணா இரண்டு தெரு தள்ளி ஒரு கம்பெனியில், தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மிஷின் ஆபரேட்டர். தானியேல் அதே மிஷினில் அவனுக்கு ஹெல்பர், வயதில் பெரியவர். இரண்டு பேரும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிடுகிறவர்கள்.

"ஹவுஸ் மியூசிக்னா இன்னாக்கா, ஊட்ல கேக்குற பாட்டா?" என்றான் குணா. "அப்ப ஊட்ட உட்டுட்டு இன்னாத்துக்கு இங்க வந்துகினு?"

நர்மதா சிரிக்கவில்லை. இந்த ஜோக்கைத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் சொல்லி முடித்திருந்தார்கள்.

பெரியபாளையம் ஆடித் திருவிழாவில் தொடங்கி ஆந்திர எல்லைக் கல்யாண மண்டபம் வரை ஆர்க்கெஸ்ட்ராவில் பாடியவள் அவள். "அப்படியே ஒரிஜினல் மாதிரியே கீது" என்பதுதான் அவளுக்குக் கிடைத்த பெரிய பாராட்டு. அதைக் கேட்டுக் கேட்டே வெறுத்துப் போயிற்று. தொண்டை இவளுடையது, பாட்டு வேறு யாருடையதோ. ஒருநாள் மைக்கை வைத்துவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். தாளம் நிற்காமல் ஓடும் அந்த ஹவுஸ் மியூசிக் எப்படியோ அவளைப் பிடித்துக்கொண்டது. ஆனால் டிஜே என்று கூப்பிட்டவர்களும் மேடையேறி வந்து போனை நீட்டி "இத்த போடுக்கா" என்று குத்துப்பாட்டுதான் கேட்டார்கள். சொந்தமாகச் செய்ததைப் போட்டால், ஸ்பீக்கர் ரிப்பேரா என்று பாதியிலேயே நிறுத்தச் சொன்னார்கள். கவரைப்பேட்டை வாடகை வீட்டிலோ சுவர் அதிர்கிறது என்று வீட்டுக்காரர் தினமும் கதவைத் தட்டினார். கத்தினாலும் கேட்க ஆளில்லாத இடம் வேண்டும் என்றுதான் இந்தப் பட்டறையை வாடகைக்கு எடுத்தாள்.

உள்ளே எண்ணெயும் துருவும் சேர்ந்த வாடை. நடுவில் ஒரு பழைய பிரஸ் மிஷின் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டார்கள். மிஷினைத் தூக்கத்தான் யாராலும் முடியவில்லையாம்.

ஒயர்களை மாட்டி முடித்ததும் தன் பாட்டு ஒன்றை ஓடவிட்டாள். குணா போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தானியேல் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை நின்றார். அவர் கால் தாளம் தட்டிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, இது நம்ம மிஷின் ஓடுற மாதிரியே கீது. கேக்கக் கேக்க உள்ள எறங்குது. இன்னொரு தபா வைம்மா."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை காலத்தில் அவளுடைய பாட்டை இன்னொரு தடவை கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அந்த வாரம் பட்டறையின் ஓசைகளையே தாளமாக்கப் பார்த்தாள். ரெக்கார்டரை ஓடவிட்டு, பழைய மிஷினை ஸ்பானரால் தட்டினாள். பிறகு ஹெட்போனில் கேட்டபோது, ஒரு அடிக்குச் சற்று முன்னால் பெண் குரல் ஒன்று.

"போடு."

நர்மதா திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. வாசலில் பட்டறையின் பழைய வாட்ச்மேன் கலியன் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பொம்பள யாருனா உள்ள வந்தாங்களா?"

"யாரும் வர்லியேம்மா."

பக்கத்துக் கம்பெனியிலிருந்து வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். எங்கிருந்து வந்தால் என்ன, அருமையான குரல். பிரஸ் மிஷினில் ஹெல்பர் தகட்டைச் சரியாக வைத்துக் கையை எடுத்ததும் "போடு" என்பார், ஆபரேட்டர் பெடலை மிதிப்பார் என்று குணா சொல்லியிருக்கிறான். இவள் இசையிலும் அப்படி ஓர் இடம் உண்டு. தாளம் எல்லாம் அடங்கி, ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்து, மறுபடி அடி விழும். டிராப் என்பார்கள். அந்த ஒரு மூச்சில் "போடு" என்ற குரலை வெட்டி வைத்தாள். அடி விழுந்தபோது அவளுக்கே உடம்பு சிலிர்த்தது.

சென்னையில் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் பார்ட்டிகளைக் கவனிக்கும் ஸ்நேகா, நர்மதா அனுப்பியதைக் கேட்டுவிட்டுப் போன் செய்தாள். "அந்த 'போடு' செமயா இருக்கு நர்மதா. ஃபைனல் டிராக் அனுப்புங்க. அது நல்லா இருந்தா சனிக்கிழமை ஒரு மணி நேரம் உங்களுக்குத்தான். உங்க பாட்டு மட்டும்."

உங்க பாட்டு மட்டும். அந்த மூன்று சொல்லுக்காக அவள் எதையும் செய்திருப்பாள்.

தொல்லை மறுநாள் ஆரம்பித்தது. லேப்டாப்பைத் திறந்தால், வெட்டி வைத்த குரல் துண்டு கொஞ்சம் நீண்டிருந்தது. மறுபடி வெட்டினாள். அடுத்த நாள் இன்னும் நீண்டு, அடி விழும் இடத்தில் குறுக்கே கிடந்தது. டிராப் சொதப்பியது. சாஃப்ட்வேரைத் திட்டினாள், லேப்டாப்பைத் திட்டினாள், தன்னையும் திட்டிக்கொண்டாள். எப்போது எது கூடிவந்தாலும் கடைசியில் ஒரு பேஜாரு வந்து நிற்பதுதான் அவள் ராசி.

வியாழக்கிழமை மத்தியானம், மோட்டார் இல்லாத அந்த மிஷினிலிருந்து சூடான எண்ணெய் வாடை வந்தது.

அருகில் போய்த் தொட்டாள்.

இரும்பு சுட்டது.

ஸ்பீக்கரில் "போடு" ஓடிக்கொண்டிருந்தது. ஷட்டருக்கு வெளியே கலியன் நின்றிருந்தார். வாசலைத் தாண்டி அவர் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அத்த நிறுத்தும்மா."

"சவுண்டு ஜாஸ்தியாண்ணே?"

"குப்பம்மா அப்டி சொல்லல."

நர்மதா பாட்டை நிறுத்தினாள்.

"இந்த மிஷின்ல ஹெல்பரா இருந்துச்சு," என்றார் கலியன், தரையைப் பார்த்துக்கொண்டு. "தகடு மாட்டிக்கிச்சுன்னு ரெண்டு கையும் உள்ள உட்டுச்சு. 'போடாத'ன்னுதான் கத்துச்சு. சுத்தி அத்தினி மிஷின் ஓடுது. ஆபரேட்டர் காதுல பாதிதான் உழுந்துது."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள பூட்டுச்சு." அவர் நகர்ந்தார், பிறகு நின்றார். "முழுசா சொல்ல உடும்மா."

அவர் போனதும் நர்மதா பழைய ரெக்கார்டிங்கைத் திறந்தாள். ஸ்பானர் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். அடிக்கு அடியில் மீதிச் சொல் கிடந்தது.

"போடாத."

கெஞ்சுகிற குரல். காதுக்குள் மூச்சு படுகிற அளவுக்குப் பக்கத்தில்.

அவள் "போட்" வரைக்கும்தான் வெட்டியிருந்தாள். மீதியைக் காது தானாகவே நிரப்பிக்கொண்டிருக்கிறது.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட அவளுக்கு ஆத்திரமே அதிகமாக வந்தது. முழுச் சொல்லையும் விட்டால் டிராப் இல்லை. டிராப் இல்லாவிட்டால் ஸ்நேகா இல்லை, சனிக்கிழமை இல்லை. மறுபடி யாரோ நீட்டுகிற போனைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். செத்துப்போனவளுக்கு இனி என்ன நஷ்டம்? உயிரோடு இருக்கிற என்னை யார் முழுசாகப் பாடவிட்டார்கள்?

"என் பாட்டயும்தான் பாதியிலே நிறுத்தினாங்க," என்று காலிப் பட்டறையைப் பார்த்துச் சொன்னாள். "நான் யார்கிட்ட போயி அழுவேன்?"

நீண்டிருந்த குரலை மறுபடி பாதியில் வெட்டினாள். பாட்டை ஸ்நேகாவுக்கு அனுப்பினாள்.

அன்று துண்டு நீளவே இல்லை. வெட்டிய இடத்தில் அப்படியே நின்றது.

வெள்ளிக்கிழமை காலை ஸ்நேகாவின் செய்தி வந்தது. உறுதி, சனிக்கிழமை வந்துவிடுங்கள். பட்டறையில் தனியாக நின்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். முதலில் தானியேலுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தாள். அதற்குள் குணா கூப்பிட்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான்.

"அக்கா... தானியேல் அண்ணன் கை... ரெண்டு கையும்க்கா..."

"இன்னாடா ஆச்சு?"

"தகடு மாட்டிக்கிச்சு. எடுத்துக்கினு இருந்தாரு. போடாதன்னு கத்தினாராம். எல்லாரும் சொல்றாங்க. எனக்குப் போடுன்னுதாங்க்கா கேட்டுச்சு. சத்தியமா போடுன்னுதான் கேட்டுச்சு."

"காதுல என் பாட்டு ஓடிச்சா?"

"அப்ப போன் லாக்கர்ல இருந்துச்சுக்கா. காதுல ஒண்ணுமில்ல."

"அப்ப..."

"பொம்பளக் குரலு." குணா குழந்தையைப் போல் விசும்பினான். "எங்க ஷாப்ல பொம்பளைங்களே கெடையாதுக்கா."

"அவரு எப்டிடா கீறாரு?"

"ஆபரேசன் பண்ண உள்ள இட்னு போய்க்கிறாங்க. ரத்தம் நிறையா பூட்ச்சு. நான் அப்புறம் பண்றேன்."

நர்மதா லேப்டாப் முன்னால் விழுந்தடித்து உட்கார்ந்தாள். முழுச் சொல்லையும் திருப்பி வைத்துவிட வேண்டும். சனிக்கிழமை வேண்டாம், எதுவுமே வேண்டாம். வாய்விட்டே சொன்னாள். "முழுசா வச்சுடறேன். தோ, வச்சுடறேன்." பழைய ரெக்கார்டிங்கைத் திறந்து அந்த இடத்துக்குப் போனாள்.

ஸ்பானர் அடி இருந்தது. அதற்கு முன்னால் குப்பம்மாளின் குரலைக் காணவில்லை.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஒலியைக் கூட்டினாள்.

அந்த இடத்தில் ஓர் ஆண் குரல் வந்தது. 'இன்னொரு தபா வைம்மா' என்று அவளிடம் கேட்ட அதே குரல்.

"போடாத, குணா."

முழுசாக, தெளிவாக இருந்தது.

மேஜைமேல் போன் அடித்தது. குணாவின் பெயர் மினுங்கியது. அவன் என்ன சொல்லப் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் எடுக்கவில்லை.