குடோன் நாய்கள்

ஜூன் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, நகராட்சி ஊழியர் ஒருவர் சந்தின் கடைசி வீட்டு இரும்புக் கேட்டில் ஓர் உத்தரவை ஒட்டிவிட்டுப் போனார். இருட்டிய பிறகு காவல் நாய்களை முற்றத்தில் கட்டக் கூடாது. வீட்டுக்குள் கதவடைத்து வைக்க வேண்டும். குரைப்பதாக மூன்றாவது புகார் வந்தால் நாய்கள் பிடித்துச் செல்லப்படும். முதல் இரண்டு புகாரும் பக்கத்து வீட்டு வாத்தியார் கொடுத்தவை.

அன்று மாலையே தையல்காரி இரண்டு நாய்களையும் உள்ளே கூட்டி வந்து, முன்கதவைத் தாழிட்டு, ஜன்னல்களையும் இழுத்து மூடினாள். லாரி ஓட்டும் கணவன் கிளம்பிப் போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். போன வருடம் இரண்டு தடவை பின்கதவுப் பூட்டை உடைத்து யாரோ உள்ளே நுழைந்த பிறகுதான், மூடப்போகிற ஒரு குடோனிலிருந்து இந்தக் கிழட்டு ஜோடியை அவன் அடிமாட்டு விலைக்கு வாங்கி வந்தான். குடோன் சுமைக்காரர்கள் வைத்த பெயர் ஷட்டர், லோடு. இவை முற்றத்துக்கு வந்த பிறகுதான் அவள் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் பழகினாள்.

ஈர ரோமத்தின் வாடையும் மிஷின் எண்ணெயின் வாடையும் கலந்து அறை கனத்துப்போயிருக்க, ஒற்றைப் பல்பின் கீழே அவள் பள்ளிச் சீருடைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மிதி ஓடும்போது தடதடவென்று வீடு முழுவதும் நிறைகிற சத்தம், கால் நின்றதும் அறுந்துவிட, எங்கோ குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது. அப்படி ஒரு இடைவெளியில்தான் கவனித்தாள். வாசலைப் பார்த்துப் படுக்க வேண்டிய நாய்கள், வாசலுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தன. இரண்டின் பார்வையும் அவள்மீது இருந்தது.

பாபினில் நூல் தீர்ந்தது. அலமாரிக்குப் போக எழுந்தாள். ஷட்டரும் எழுந்தது. கிட்டே வந்து, நெஞ்சின் முழுக் கனத்தையும் அவள் முழங்காலில் சாய்த்தது. உட்கார்ந்தாள். விலகிப் போய்ப் படுத்தது. மறுபடி எழுந்தபோது லோடுவும் சேர்ந்து வந்தது. அதன் தொண்டைக்குள் அம்மி இழுப்பதுபோல ஒரு சத்தம்.

மேஜைமேல் இருந்த போனை மெதுவாக எடுத்தாள்.

"என்னங்க, ரெண்டும் என்னை எழுந்திரிக்க விடமாட்டேங்குது."

அவன் சிரித்தான். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உன்னை ஒரு இடத்துல உட்கார வைக்க என்னால முடியல. அதுங்க செஞ்சிடுச்சா?"

"விளையாடாதீங்க. உறுமுது."

லாரியின் இரைச்சல் அடங்கியது. ஓரம் கட்டியிருந்தான்.

"கதவு, ஜன்னல் எல்லாம் மூடிட்டியா?"

"உத்தரவு அப்படித்தானே."

"எனக்கு உறைக்கவே இல்ல பாரு. முற்றத்துல கிடந்தா அதுங்க சும்மா நாய். கூரைக்குக் கீழ விட்டு அடைச்சா குடோன்னு நினைச்சுக்கும். டியூட்டி ஆரம்பிச்சிடும். உள்ள வர்றவனைத் தடுக்காது. வந்தவனை வெளிய விடாது. அப்படிப் பழக்கினது."

"என்ன சொன்னா விடும்?"

"சொன்னால்லாம் கேக்காது. சூப்பர்வைசர் வந்து தலையில கை வைக்கணும்."

"அவருக்கு ஒரு போன் போடுங்களேன்."



"அவர் போய்ச் சேர்ந்துட்டார். மூட்டை சரிஞ்சு, குடோனுக்குள்ளயே. அதான் இதுங்களை வித்தாங்க. சொன்னா நீ பயந்துக்குவேன்னு விட்டுட்டேன்."

"வாத்தியாரைக் கூப்பிடவா?"

"அவர் கதவை இடிப்பாரு, இதுங்க குரைக்கும். காலைல வண்டி வந்து அள்ளிட்டுப் போயிடும். அப்புறம் நீ தனியாத்தான் கிடக்கணும். அசையாம உட்காரு. வண்டியைத் திருப்புறேன், விடியறதுக்குள்ள நான் வந்துடுறேன்."

போனை வைத்தாள். கால்கள் மரத்துப்போயின. குழாய் சொட்டியது.

வெளியே செருப்புச் சத்தம். ஜன்னல் பலகையில் விரலால் ஒரு தட்டு.

"என்னம்மா, சத்தமே காணோம்? உள்ள வச்சிட்டியா?" வாத்தியார்தான்.

"வச்சிட்டேன் சார்."

"மனசுல வச்சுக்காதேம்மா. என் வயசுக்கு வந்து பாரு, தூக்கம்தான் சொத்துன்னு தெரியும். ஏதாவது வேணும்னா கூப்பிடு."

வாயைத் திறந்தாள். ஷட்டரின் மேலுதடு சுருண்டு பல் தெரிந்தது. ஒரே ஒரு குரைப்பு போதும். நாளைக்கு முற்றம் காலி. பின்கதவுக்குக் காவல் இல்லை.

"ஒண்ணும் வேணாம் சார்."

செருப்புச் சத்தம் தேய்ந்து போயிற்று. அப்போதே கூப்பிட்டிருக்கலாம் என்று நினைத்தாள். இப்போதும் கூப்பிடலாம். கூப்பிடவில்லை.

குழாய் சொட்டுவது நின்றது.

நாய்களின் காதுகள் நிமிர்ந்தன. இரண்டு தலைகளும் ஒன்றாகச் சமையலறைப் பக்கம் திரும்பின. குரைக்கவில்லை. உறுமலும் அடங்கிவிட்டது. பின்கதவு சாத்தியபடியே இருந்தது. தாழ்ப்பாள் போட்டபடியே இருப்பது அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

நாய்களின் பார்வை நகர்ந்தது. சமையலறை நிலை. அலமாரி. சுவரோரம். ஒருவர் நடக்கும் வேகத்தில்.

சணல் சாக்கு வாடை. ஈரத் தானியத்தின் புழுக்கம். அந்த வீட்டில் சாக்கு எதுவும் இல்லை.

வால்கள் ஆடத் தொடங்கின. தரையில் தட்டின. டப். டப். டப்.

ஷட்டர் தலையைத் தாழ்த்தியது. இரண்டு காதுகளுக்கும் நடுவே ரோமம் அமுங்கியது. ஐந்து கோடுகளாக. பின்கழுத்துவரை வருடிக்கொண்டு போயிற்று. ரோமம் மெல்ல நிமிர்ந்தது.

பிறகு லோடு.

இரண்டும் எழுந்தன. உடம்பை உதறிக்கொண்டு சமையலறைக்குள் போய்ச் சுருண்டு படுத்தன. வேலை முடிந்த நாய்கள் படுப்பதுபோல.

முன்கதவுக்கு வழி திறந்திருந்தது. ஏழெட்டு அடி தூரம்.

அவள் எழுந்தாள்.

தோளில் ரவிக்கைத் துணி அமுங்கியது, ஐந்து கோடுகளாக.

அவள் உட்கார்ந்தாள்.