ஆகஸ்டில் போனவன்

பொலிவிய மலை நகரம் லா பாஸில் ஆகஸ்ட் குளிர்காலம்; தரை வெதுவெதுப்பாக இருக்காது. இருக்கவே கூடாது. கேபிள் காரிலிருந்து இறங்கி, மூச்சிரைக்க மேடேறி, விடுதியின் கீழ்த்தள அறையில் செருப்பைக் கழற்றினாள் நெல்வா. கட்டிலுக்கும் சன்னலுக்கும் நடுவில், ஓர் ஆள் நீளத்துக்கு மட்டும் தரை சூடாக இருந்தது. அப்போதுதான் யாரோ படுத்து எழுந்துபோன பாய் மாதிரி.

உயரம் பழகாத உடம்பு, கால் எதைச் சொன்னாலும் நம்பாதே என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். கீழே சமவெளியில் இருக்கும் திரினிதாத் ஊரிலிருந்து ஒரு பகலும் ஒரு ராத்திரியும் பேருந்தில் நொந்து வந்தவள். ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. புருஷனைக் கண்டுபிடித்து, கூட இருப்பவளின் கண்ணெதிரே நாலு கேள்வி நறுக்கென்று கேட்டு, வீட்டுக்கு இழுத்துப்போக வந்திருக்கிறாள். கொத்து வேலைக்கு வந்த ரோமுலோ போன வருஷம் போனில் சொன்ன விலாசம் இதுதான். அப்போது இங்கே அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. தலைநகரம் போனவனை எவளோ முடிந்துவைத்துக்கொண்டாள் என்று ஊரே சிரித்தது. அவளும் அதை நம்பினாள். நம்பி நம்பியே வயிறெரிந்தாள்.

சமவெளிக்காரர்கள் செய்கிற தப்பு அது. மலைக்காரி யாராவது இருந்திருந்தால், எவளோடு போனான் என்று கேட்டிருக்க மாட்டாள்.

விடுதிக்காரி டோன்யா ஃபிதேலியா அடுக்குப் பாவாடையும் தொப்பியுமாகக் தலைசுற்றலுக்குக் கோக்கா இலைத் தேநீர் கொண்டுவந்தாள். சமவெளிக்காரிக்கு எங்கள் காற்றுகூடச் செரிக்காதோ என்று சீண்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெல்வா மனசிலிருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள்.

“எந்த மாசம் போனான் தாயி?”

“ஆகஸ்ட்ல.”

விடுதிக்காரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஆகஸ்டில் பூமி பசியோடு வாயைத் திறக்கும் என்றாள். சின்ன வீடென்றால் அடியில் லாமா என்கிற மலை மிருகத்தின் குட்டி ஒன்றைப் புதைத்தால் போதும். இந்த மாதிரி ஏழு மாடிக்கு அது காணாதாம். குடித்து நினைவில்லாமல் விழுந்து கிடக்கிறவனாக, தேடி வர ஆளில்லாத வெளியூர்க்காரனாக மேஸ்திரிகள் பார்த்து அஸ்திவாரத்துக்குள் வைப்பார்களாம். தனக்குத் தெரிந்ததே கான்கிரீட் போட்ட பிறகுதானாம். இந்தச் சரிவில் அக்கம்பக்கத்து வீடெல்லாம் விரிசல் விட்டுவிட்டது, இதில் ஒரு கீறல் இல்லை என்று சொல்லும்போது குரலில் வெட்கமும் இருந்தது, பெருமையும் இருந்தது.

“உன் புருஷன் ஓடிப்போகல தாயி. அவன மாதிரி நெலையா நிக்கிறவன் இந்த ஊர்லயே கெடையாது.”

நெல்வா அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். பொய். கிறுக்கு பிடித்தவள். ஒரு வருஷமாகத் தினமும் சபித்த அந்த இன்னொருத்தி, எங்கேயாவது உயிரோடு, அழகாக, அவனோடு இருக்கவேண்டும் என்று முதல் தடவையாக வேண்டிக்கொண்டாள்.

வெளியே வெள்ளிக்கிழமைச் சாயங்காலம் மங்கிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வாசல் பூமிக்குப் படையல் எரித்த புகை, கருகிய கொழுப்பும் சர்க்கரையும் கலந்த வாடையோடு சன்னலிடுக்கில் நுழைந்து, தரையோரமாகவே ஊர்ந்து, அந்தச் சூடான இடத்தின்மேல் வந்து தங்கியது. மேட்டில் ஏறும் வண்டிகளின் உறுமல் ஓய்ந்தது. அப்போதுதான் இன்னொரு சத்தம் கேட்டது.

குறட்டை.

பக்கத்து அறையிலிருந்து இல்லை. மேலேயிருந்தும் இல்லை.

நெல்வா குப்புறப் படுத்துத் தரையில் காதை வைத்தாள். இழுத்து, அடைத்து, விசிலோடு விடுகிற மூச்சு. பதினோரு வருஷம் அவளைத் தூங்கவிடாத மூச்சு.

“ரோமுலோ. நான்தான், நெல்வா. எந்திரி. வீட்டுக்குப் போலாம்.”

குறட்டை நின்றது.

ஒரு இருமல். பிறகு நகம். உள்ளேயிருந்து. மெதுவாக. வேகமாக. இன்னும் வேகமாக.

அவளும் பிறாண்டினாள். தரை ஓடுகளின் இடுக்கில் விரல் கிழிந்தது. தலைக்கு மேலே சுவர் படீரென்று விரிசல் விட்டது.

கதவு திறந்தது. டோன்யா ஃபிதேலியா, கையில் சாராயப் புட்டியோடு.

“எழுப்பிட்டியேடி,” என்றாள். கோபமாகக்கூட இல்லை.

தடுக்கப் பாய்ந்த நெல்வாவைத் தலைசுற்றல் தூக்கி அடித்தது. விடுதிக்காரி குனிந்து, குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுகிற மாதிரி, புட்டியைத் தரையில் சாய்த்தாள். தரை ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சியது. நகம் தயங்கியது. நின்றது.

“ரோமுலோ,” என்றாள் நெல்வா. “வாயேன்.”

கீழேயிருந்து அவன் குரல் வந்தது. குழறலாக, சந்தோஷமாக.

“இன்னும் கொஞ்சம் ஊத்து.”